தட்டிச் சுவருக்குள் வாசித்த லூயிசா

மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு அன்று மூங்கில் தட்டிதான் சுவர். இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தூங்குபவர் புரண்டு படுப்பார். இரவு ஷிப்ட் போய் வந்தவர்கள் பகலில் உறங்குவதால், அங்கே பிள்ளைகளுக்கு முதலில் பழக்குவது மெதுவாகப் பேசுவதைத்தான்.

மரியகுழந்தை தன் மகள் லூயிசாவுக்கு வாசிப்புக் கற்றுக் கொடுத்ததும் அப்படியே. மதிய வேலை முடிந்ததும் மகளை ஒட்டி உட்கார்ந்து, வரியின் கீழே விரலை நகர்த்துவாள். இருவரும் மூச்சளவு குரலில் வாசிப்பார்கள். குரல் சற்று எழும்பினால் தாயின் கை மகளின் வாயைப் பொத்திவிடும். லூயிசா ஓர் எழுத்தும் தவறவிட்டதில்லை.

பள்ளியில்தான் சிக்கல். உபாத்தியாயர் குனிந்து காதைக் கொடுத்தும் ஒன்றும் கேட்கவில்லை. "திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு. அவருக்குக் கேக்கலன்னா மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்தான்" என்று சொல்லியனுப்பினார்.

"சத்தமா வாசிடி" என்றாள் மரியகுழந்தை. லூயிசா வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. பொத்திப் பழக்கிய கை தன்னுடையது என்பது மரியகுழந்தைக்கு உறைத்தது.

அன்று மாலை சுரங்கத்திலிருந்து வந்த கணவர் சகாயத்தின் பக்கத்தில் மகளை உட்கார வைத்து, பாடப் புத்தகத்தில் இருந்த நரிக் கதையை வாசிக்கச் சொன்னாள். வெடிச் சத்தத்தில் காது மந்தமாகிப் போன மனிதர் அவர்.

"இன்னாம்மா, மீனு மாதிரி வாய் மட்டும் ஆடுது?"

"நரி வுழுந்துச்சு நைனா."

"யாரு வுழுந்தாங்க?"

"நரி!"

"எங்க?"

"கெணத்துல நைனா, கெணத்துல!"

மரியகுழந்தையின் கை பழக்கத்தில் எழுந்தது. அதை மடியில் அழுத்திக்கொண்டாள்.

தட்டிக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டு ராஜப்பாவின் குரல் வந்தது. "ஏம்பா சகாயம், ராத்திரி ஷிப்ட்டுக்குப் போறவன் செத்த கண்ண மூட வாணாமா?"

"திங்கக்கிழம வரைக்கும் பொறுத்துக்கோங்கண்ணே. புள்ளைக்குப் பரீட்ச" என்றாள் மரியகுழந்தை.

ராஜப்பா எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "தூக்கந்தான் போச்சே. அந்த நரி மேல வந்துச்சா இல்லியா, அதயாவது படிங்க!"

லூயிசா தட்டியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கதையை முடிவு வரை உரக்க வாசித்தாள்.

திங்கட்கிழமை மரியகுழந்தை பள்ளி வேலிக்கு வெளியே நின்றாள். மகள் வாசித்தது தெளிவாகக் கேட்டது. இன்ஸ்பெக்டர் இரண்டாம் வகுப்புக்கு அனுப்பச் சொன்னார். ஒரே ஒரு சொல்லை மட்டும் லூயிசா அவசரத்தில் விழுங்கியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை மறுபடி வாசிக்க வைத்தாள் தாய், உரக்க.