பூச்சுக்கு அடியில் இருந்த எண்

பிரேக் டிஸ்க்குக்கு வண்ணம் அடிப்பவன் முதலில் கற்க வேண்டியது எங்கே அடிக்கக் கூடாது என்பதைத்தான். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு அது. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேட் என்கிற உராய்வுக் கட்டை வந்து கவ்வும். கவ்வுகிற முகத்தில் பெயின்ட் படக் கூடாது. நடுவில் மேடாக இருக்கும் பகுதிக்கும் வெளி விளிம்புக்கும் மட்டும்தான் பூச்சு. கடற்காற்று அடிக்கும் இந்த ஊரில் இரும்பு இரண்டே நாளில் சிவந்துவிடும் என்பதால், அசோக் நகரில் இருந்த எங்கள் ஷெட்டுக்கு வேலை குறைந்ததே இல்லை.

நான் வேறு இடத்திலிருந்து வந்தவன். உதிரி பாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். பள்ளிப் படிப்பு எட்டாவதோடு நின்றது; மிச்சத்தை ஆலை வாயிலில் கொடுத்த துண்டறிக்கைகளில் படித்தேன். பிறகு நானே எழுதினேன். கடைசி வேலைநிறுத்தம் தோற்றபோது, மன்னிப்புக் கடிதம் கொடுத்தவர்களை மட்டும் நிர்வாகம் உள்ளே எடுத்துக்கொண்டது. என்னோடு கோஷம் போட்டவர்கள் ஒவ்வொருவராக எழுதிக் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. அதன் பிறகு என் பெயர் தெரிந்த எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்கவில்லை. இன்னொருவர் கூரைக்குக் கீழே நின்று பிழைப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது.

சிவப்பு

அடையாறிலிருந்து ஓர் இளைஞர் புதுக் காரோடு வந்தார். டிஸ்க் முழுக்கச் சிவப்பு வேண்டும், சக்கரத்தின் இடைவெளியில் அது பளிச்சென்று தெரிய வேண்டும் என்றார். பேட் கவ்வும் முகத்தில் அடிக்க முடியாது என்றேன்.

"அடிச்சா என்ன ஆகும்?"

"பிரேக் பிடிக்காது."

"எவ்ளோ நாளைக்கு?"

"பெயின்ட் கருகித் தேயற வரைக்கும். அதுவரைக்கும் நீ இருக்கணும் தம்பி."

ஷெட் முதலாளி கதிர், என் மகன் வயதுக்காரர், "கஸ்டமர் கேக்கறதச் செய்யுங்க பெரியவரே" என்றார். நான் ஸ்ப்ரே கன்னை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கருவியைக் கீழே வைப்பது எனக்குப் பழகிய வேலை. கால் மணி நேரம் கழித்துக் கதிர் இறங்கி வந்தார். நடுப்பகுதிக்கு மட்டும் சிவப்பு அடித்துக் கொடுத்தேன். அந்த இளைஞருக்கு மனம் ஆறவில்லை. போகும்போது சொன்னார்: "வண்டி நிக்கறத விடுங்க அங்கிள். நின்னா எப்படித் தெரியும்னு பாருங்க."

நடுக்கம்

மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து ஒரு மாமா, ஓய்வு பெற்ற ஆசிரியர், தம் காருக்கு டிஸ்க் பூசிக்கொண்டு போனார். மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். முகத்தில் கோபமே இல்லை, கவலைதான் இருந்தது.

"பிரேக்க மிதிச்சா கை நடுங்கறது. வயசாயிடுத்தாக்கும்னு டாக்டர்ட்ட போய் மாத்திரை வாங்கிண்டு வந்துட்டேன். நேத்திக்கு மாட்டுப்பொண் ஓட்டினா. அவ கையும் நடுங்கறது."

எங்கள் மெக்கானிக் டேவிட் சக்கரத்தைக் கழற்றினான். சாந்தோம்காரன், வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். டிஸ்க்கின் பின்பக்கத்தை என்னிடம் திருப்பிக் காட்டினான். டிஸ்க் வண்டியோடு ஒட்டி உட்காரும் அந்த முகத்தில் நான் அடித்த பெயின்ட் திட்டுத் திட்டாகத் தடித்திருந்தது. தலைமுடி கனம்தான். ஆனால் தட்டு நேராக உட்காரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தள்ளாட்டம். அது ஸ்டீரிங் வழியாக அந்த மனிதரின் கைக்கு வந்து, அவரை நோயாளியாக்கியிருந்தது. சுரண்டி எடுத்தேன். தவறு என்னுடையதுதான், உங்கள் கையில் ஒன்றுமில்லை என்று அவரிடமே சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "அப்போ மாத்திரைய நிறுத்திடலாமோன்னோ?"

இருபது

மாமா போனதும் கதிர் என்னைக் கூப்பிட்டார். "தப்பு நம்மளுதுன்னு கஸ்டமர்கிட்ட சொல்றதுக்கா உங்கள வச்சிருக்கேன்? இன்னொரு தடவ சொன்னா கிளம்பிடுங்க." கிளம்பினால் என் வயதுக்கு வேறு இடம் கிடைக்காது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் ஊரூர் ஒல்காட் குப்பத்து அஞ்சலை தன் மினி லோடு வண்டியைக் கொண்டுவந்தார். மீன் வியாபாரம் அவருடையது, வண்டி ஓட்டுவது தம்பி. பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் வடிந்து வடிந்து முன்சக்கர டிஸ்க் இரண்டும் அரித்துப்போயிருந்தன. ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஓர் எண் பொறித்திருக்கும். அந்தக் கனத்துக்குக் கீழே தேய்ந்தால் எறிந்துவிட வேண்டும் என்று பொருள். இதில் இருபது மில்லிமீட்டர் என்று இருந்தது. டேவிட் அளந்து பார்த்தான். பதினெட்டுகூட முழுதாக இல்லை.

புது டிஸ்க் வர இரண்டு நாள் ஆகும். வண்டி அன்றைக்கே போக வேண்டும், இல்லையென்றால் வேறு ஷெட்டுக்குப் போய்விடுவார்கள் என்று கதிர் சொன்னார். "பூசி அனுப்புங்க. அடுத்த சர்வீஸ்ல மாத்திக்கலாம்."

அன்று நான் கன்னைக் கீழே வைக்கவில்லை. சில்வர் இரண்டு கோட். உப்பில் மங்கியிருந்த எண் மறைந்தது.

அஞ்சலை குனிந்து பார்த்தார். "நல்லா கீதா நைனா? காலைல லோடு ஏத்தணும்."

"ஓடும்மா" என்றேன்.

நிற்கும் என்று சொல்லவில்லை. தெரிந்துதான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன்; துண்டறிக்கை எழுதிப் பழகியவன் வார்த்தையைத் தெரியாமல் போடமாட்டான். வண்டி தெருமுனை திரும்பும் வரை டேவிட் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஃபேக்டரி கேட்ல நின்னு அவ்ளோ பேசுவீங்களாமே தோழரே. இங்க கேட் இல்ல போல."

கம்பிப் பிரஷ்

ஒன்பதாம் நாள் காலை லஸ் முனையில் சிக்னலுக்காக நின்றிருந்த பேருந்தின் பின்னால் அந்த வண்டி போய் மோதியது. தம்பிக்கு உதடு கிழிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலைக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. வண்டியை இழுத்து எங்கள் ஷெட்டில்தான் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு பக்க டிஸ்க் விளிம்பிலிருந்து நடு வரை விரிசல் விட்டிருந்தது.

இன்ஷூரன்ஸ் ஆள் வந்து டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசலைத் தவிர மற்ற இடமெல்லாம் புதுசு போல மினுங்கியது. "கனம் அளந்தீங்களா?" என்று கேட்டார்.

"எங்க வேலை பெயின்ட் மட்டும்தான் சார்" என்றார் கதிர்.

கையில் கட்டோடு அஞ்சலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பேச நான் வாயைத் திறந்தேன். ஆயிரம் பேருக்கு முன்னால் வந்த குரல், நான்கு பேருக்கு முன்னால் வரவில்லை. கம்பிப் பிரஷ்ஷை எடுத்து டிஸ்க்கில் எண் இருந்த இடத்தைத் தேய்த்தேன். சூட்டைத் தாங்கும் பெயின்ட் அது, லேசில் விடாது. தேய்க்கத் தேய்க்க முதலில் சுழியம் தெரிந்தது, பிறகு இரண்டு. அதற்குப் பிறகுதான் குரல் வந்தது.

"அளந்தோம் சார். தேஞ்சி போனதுன்னு தெரியும். மறைச்சவன் நான்."

இன்ஷூரன்ஸ் ஆள் எழுதிக்கொண்டார். கதிர் வெளியே போய்விட்டார். நான் அஞ்சலையின் பக்கம் திரும்பினேன். நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்காத மன்னிப்பை அங்கே கேட்டேன். அவர் எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கலரு நல்லாத்தான் அட்ச்சிக்கீற நைனா. அன்னிக்கி நான் கேட்டப்போ வாய்ல இன்னா அட்ச்சி வச்சிருந்த?"

விரல் அகலம்

அன்றே எனக்கு வேலை போனது. அஞ்சலையின் வண்டியைச் சரிசெய்து கொடுக்க வேண்டியது கதிரின் தலையில் விழுந்தது. அடுத்த மாதம் டேவிட்டும் அங்கிருந்து வெளியேறினான். இப்போது அடையாறில் ஒரு பழைய கார் ஷெட்டின் பாதியில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். முதலில் அளப்போம். எண்ணுக்குக் கீழே இருந்தால் பூச மாட்டோம். பூசும்போது அந்த எண்ணின் மேல் விரல் அகலத்துக்கு டேப் ஒட்டிவிட்டு அடிப்பேன். டேப்பை உரித்தால் வெற்று இரும்பு, அதில் எண். மூன்றாம் நாள் அந்த இடம் மட்டும் துருப்பிடிக்கும். அதைக் காட்டிக் குறை சொல்லாத வாடிக்கையாளர் இல்லை. சிலர் திரும்பி வருவதே இல்லை.

அஞ்சலை வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போன மழைக்குப் பிறகு தம்பியோடு வந்தார். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. என்னோடு பேசாமல் டேவிட்டிடம், "நீயே அள" என்றார். அளந்து, பூசி, டிஸ்க்கை மாட்டாமல் மூன்று நாள் வெளியே வைத்திருக்கச் சொன்னார். துருப்பிடிக்கும் அந்த இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார் போல.

மூன்றாம் நாள் வந்து குனிந்தார். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். சிவந்திருந்த இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தார். நான் தள்ளி நின்றேன். அவர் நிமிரவே நேரமாயிற்று. "துரு புட்ச்சிக் கீது. சரி, நம்பரு தெரியுது. மாட்டு நைனா."

வருடக்கணக்கில் கட்டுக் கட்டாகத் துண்டறிக்கை எழுதி வாயிலில் விநியோகித்த எனக்கு, ஒருவர் குனிந்து நின்று கடைசி வரை படித்து நம்பிய ஒரே அறிவிப்பாக அமைந்தது விரல் அகலத் துருதான்.