கார்த்தி பேர் எழுதின இறக்கை

எனக்கு வாய் நீளம், ஒத்துக்கொள்கிறேன். ரிட்டையராகி சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவனை, "வைத்தீஸ்வரன் சார், எங்க கம்பெனிக்கு வந்து விமானப் பாகங்களை எடை பாருங்க" என்று பத்ரி கூப்பிட்டபோதே சொல்லிவிட்டேன்: "யாருக்காகவும் பொய்க் கணக்கு எழுத மாட்டேன்." சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ஷெட்டில், பேட்டரியில் பறக்கிற இரண்டு சீட்டு விமானம் செய்கிறான் பத்ரி. மொத்தமே பதினோரு பேர். அதில் ஒருத்தி பாப்பா.

கோவளம் பக்கம் ஒரு குப்பம் அவளுக்கு. வயது ஐம்பது இருக்கும். மீன்பிடி படகுக்கு பைபர் ஒட்டி ஒட்டிக் காய்த்துப்போன கை. கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசின் பசை தடவி, ஒரு குமிழி இல்லாமல் அவள் உருளை ஓட்டுவதை இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். "இன்னா சார் மொறைக்கிற, உன் தராசுல என்னியும் ஏத்திப் பாரேன்" என்று என்னை வம்புக்கு இழுப்பாள். நானும் சும்மா விடமாட்டேன்.

அவளுக்கு ஒரே மகன், கார்த்தி. இருபத்திரண்டு வயதில் கடலுக்குப் போனவன், நடுக்கடலில் படகு பிளந்து செத்துப்போனான்; கூடப் போய்த் தப்பினவர்கள் சொன்னது. அந்தப் படகில் முன்பே ஒரு விரிசல். அதற்கு ஒட்டுப் போட்டது பாப்பாதான், நாலு அடுக்கு. "போதும்மா, நேரமாவுது" என்று அவன் அவசரப்படுத்தினானாம். மூன்றாம் நாள் அவன் கரை ஒதுங்கினான், படகு கிடைக்கவே இல்லை.

"இன்னும் ஒரே ஒரு அடுக்கு போட்டிருந்தா எம்புள்ள இருந்திருப்பான் சார்." வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். நான் டீயை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. இறக்கையை ஒட்டி மூடுவதற்கு முன்னால், உள்பக்கம் வேண்டியவர்கள் பேரை மார்க்கரில் எழுதுவார்கள். வெளியே யாருக்கும் தெரியாது, ஆனால் பேர் மேலே போகும். மை எடை கூடாதா என்று கேட்டு நான்தான் எல்லோரிடமும் திட்டு வாங்கினேன். பாப்பா 'கார்த்தி' என்று எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

"மேல போயி நம்ம குப்பத்தப் பாக்கணும்மான்னு சொல்லிகினே இருப்பான் சார். பேராவது போவட்டும்."

இடது இறக்கை இரண்டு செய்தோம், ஒன்று பறக்க, ஒன்று உடைக்க. ஆமாம், உடைக்கத்தான். மணல் மூட்டைகளை அடுக்கி ஒன்றை உடைத்துப் பார்த்தால்தான், இன்னொன்றை நம்பி ஆளை ஏற்ற முடியும். பேட்டரியே பாதி கனம் என்பதால், எது லேசோ அதுதான் பறக்கும். கார்த்தி பேர் இருந்தது இருநூற்று நாற்பது கிராம் கூடுதலாக நின்றது. மூன்று தடவை நிறுத்துப் பார்த்தேன். பாப்பா பக்கத்திலேயே நின்றாள்.

"என்ன செஞ்சே பாப்பாம்மா?"

"பேர் மேல ஒரு அடுக்கு சேத்துப் போட்டேன் சார். புள்ள பேர் கீதே."

அடிப் பாவி! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்டிக்கொண்டேதான் எடையை எழுதினேன்; கார்த்தி பேர் உடைக்கிற இறக்கைக்குப் போனது. இருநூற்று நாற்பதை விழுங்கியிருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு கேட்கிறது. கூடாது என்றும் தெரியும்.

அவள் அழவில்லை. "உடைக்கிறதுதானே? உடைச்சிப் பாருங்க. ஒடையாது" என்றாள்.

சோதனையன்று எல்லோரும் மூட்டை தூக்கினோம். பறக்கும்போது காற்று கீழிருந்து தள்ளும் என்பதால், தலைகீழாகக் கட்டிய இறக்கையில் நூறு மூட்டை தாங்க வேண்டும். பாப்பா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு முதல் ஆளாகத் தூக்கினாள். ஐம்பதில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அறுபதில், "பாத்தியா சார்!" என்றாள். அறுபத்தெட்டாவது மூட்டை அவள் வைத்ததுதான். படார் என்று சத்தம். மூட்டைகள் சரிந்து தரையெல்லாம் மணல்.

பத்ரி குனிந்து பிளவில் விரல் ஓட்டினான். கார்த்தி என்ற பேர் கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதன் ஓரமாகவே, கத்தியால் வெட்டினதுபோல, இறக்கை விட்டுப்போயிருந்தது.

"கூடுதலா போட்ட அடுக்கு விறைப்பா நின்னுடுச்சு. அது வளையல, பக்கத்துல இருந்தது வளைஞ்சுது. கெட்டியும் லேசும் சேர்ற ஓரத்துல கிழிஞ்சிருக்கு. அடுக்கே போடாம இருந்தா நூறு தாங்கியிருக்கும்."

பத்ரிக்குப் படகு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் வாயைப் பொத்த எழுந்தேன், அதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

பாப்பா மணலிலேயே உட்கார்ந்தாள். "அப்போ அந்தப் படகும் இப்டித்தான் வுட்டிருக்குமா சார்? நான் ஒட்டுன ஓரத்துல?"

"சேச்சே, கடல் வேற, இது வேற பாப்பாம்மா." என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாகப் பொய் சொன்னதில்லை. அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை.

மறுபடி சோதிக்க, பறக்க வைத்திருந்த லேசான இறக்கையையே உடைத்தோம்; நூறைத் தாண்டித்தான் உடைந்தது. பறப்பதற்கான மூன்றாவது இறக்கையையும் அவள்தான் ஒட்டினாள். சொன்ன அடுக்கு, சொன்ன அளவு. மூடுகிற அன்று எல்லோரும் எழுதி முடித்தபின் மார்க்கரை நானே கொண்டுபோய் நீட்டினேன்.

"எழுதும்மா. இது பறக்கப் போறது."

கையுறையைக் கழற்றி, தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வாணாம் சார்," என்றாள். "என் கை பட்டதுல எம்புள்ள ஏற வாணாம்."