ஒன்பது என்று சொன்ன மாப்பிள்ளை

ஒரு ஆள் எவ்வளவு பொய் சொல்வார் என்று தெரிய வேண்டுமானால், அவருடைய கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கேட்டால் போதும் என்பது என் கட்சி. அப்போது தேனியில் உரக்கடை வைத்திருந்தேன். தோட்டக்காரர்களைப் பார்க்கப் போவதற்கு ஒரு பழைய எண்ணூறு சிசி பெட்ரோல் கார் இருந்தது. சின்னமனூர், கம்பம், தேவாரம், போடி என்று சுற்றும்போது கார் வைத்திருக்கிற எவரைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவேன். எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள்.

நான் மனதுக்குள் கழித்துக்கொள்வேன். எண்ணூறு சிசிக்காரர் இருபது என்றால் நாலைக் கழிப்பேன். ஆயிரத்து ஐந்நூறு சிசி டீசல்காரர் அதே இருபதைச் சொன்னால் ஐந்தோ ஆறோ கழிப்பேன். ஜீப் வைத்திருப்பவர் சொல்வதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவேன். இன்ஜின் பெரிதாகப் பெரிதாகப் பொய்யும் பெரிதாகும். பெரிய இன்ஜினை வாங்கியவர் வீட்டில் உள்ளவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா? என் வண்டி பதினாறு கொடுத்தது. கேட்டவர்களிடம் பதினெட்டு என்றேன். நான் மட்டும் எந்த ஊர்க்காரன்?

எங்கள் பக்கத்தில் இந்தப் பொய்க்குக் காற்றும் உடந்தை. ஆடி பிறந்தால் குமுளி மலையிடுக்கில் புகுந்து வரும் காற்று, கம்பத்திலிருந்து தேனிவரை பள்ளத்தாக்கு நெடுக அடித்துத் தள்ளும். சாலையும் அந்தத் திசையில் இறக்கம்தான். கம்பத்துக்காரர் தேனிக்கு வரும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். அந்தக் கணக்கைத்தான் ஊரெல்லாம் சொல்வார். திரும்பிப் போகும்போது எதிர்காற்றில் எவ்வளவு குடித்தது என்று சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அதனால் யாருடைய வண்டியைச் சோதித்தாலும் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பி, போகவும் வரவும் ஓட்டி, அதே பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பித்தான் பார்ப்பேன். வீட்டில் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். நான் மறுத்ததில்லை.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, என் தங்கைக்குத் தேவாரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டதால் நான்தான் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. தங்கை தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். அந்த வேலை அவளுக்கு உயிர். அதை விடச் சொன்னதற்காகவே வந்த வரன்களைத் திருப்பி அனுப்பியிருந்தாள். கறுப்போ சிவப்போ, தோட்டம் உண்டோ இல்லையோ, அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்ளலாம், வேலையை விடச் சொல்லாத வீடாக இருந்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாள்.

மாப்பிள்ளை தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் அப்பா இல்லை. அவருடைய அம்மா சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம் என்று கேள்விப்பட்டோம். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையும் பெண்ணும் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று விட்டோம். தங்கை இறங்கி வந்தபோது முகமே வேறாக இருந்தது. தாராளமாக வேலைக்குப் போகலாம், தேவாரத்திலிருந்து போடி வழியாக பஸ் இருக்கிறது என்று அவரே சொன்னாராம். பஸ் நேரம்வரை யோசித்துச் சொன்னவரை அவளுக்குப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வழியனுப்பும்போதுதான் வண்டியைப் பார்த்தேன். ஆயிரத்து ஐந்நூறு சிசி டீசல் கார், நன்றாகத் துடைத்து வைத்திருந்தார். என் வாய் சும்மா இருக்குமா? வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டேன். அவருடைய சித்தப்பா, மாமா என்று நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள்.

"ஒம்போது, மிஞ்சிப்போனாப் பத்து மச்சான். டீசலக் குடிச்சே தீக்குது" என்றார்.

எனக்கு மூக்கில் வியர்த்தது. அந்த இன்ஜினுக்குப் பதினைந்துக்குக் குறைந்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் கூட்டிச் சொல்கிற ஊரில் ஒருவர் குறைத்துச் சொல்கிறார் என்றால் அதற்குப் பின்னால் என்னவோ இருக்கிறது. பூ வைத்து உறுதி செய்தது ஆனியில், கல்யாணம் ஆவணியில். நடுவில் ஆடி முழுக்க எனக்கு இதே நினைப்பாகப் போனது.

முதலில் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் அரிசி கடத்துகிறாரோ என்று நினைத்தேன். டிக்கியில் மூட்டை அடுக்கி மலை ஏறினால் எந்த வண்டியும் ஒன்பதுதான் கொடுக்கும். பிறகு, கணக்கில் வராத கிலோமீட்டர் ஏதாவது இருக்குமோ, மீட்டர் வயரைக் கழற்றிவிட்டு எங்கேயாவது போய்வருகிறாரோ என்று தோன்றியது. எங்கே போவார்? மலைக்கு அந்தப்புறம் கட்டப்பனைப் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்திருந்தால்? இதையெல்லாம் வீட்டில் சொல்ல முடியாது. தங்கை வேலை முடிந்து வந்து, தேவாரம் பஸ் எத்தனை மணிக்கு என்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பாள். நான் சாப்பிட்டுக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உரம் வாங்குகிற ஒருவரைப் பார்க்கிற சாக்கில் தேவாரம் போய் மெதுவாக விசாரித்தேன். மனிதரைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. தங்கமான பிள்ளை, எதைக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார் என்றார்கள். வண்டியைப் பற்றி மட்டும் டீக்கடையிலும் ஒன்பது, அரிசிக்கடையிலும் ஒன்பது. ஓர் ஊரே ஒரே எண்ணைச் சொன்னால் அது யாரோ சொல்லிவைத்த எண்ணாகத்தான் இருக்கும். என் சந்தேகம் இன்னும் பெருத்தது.

கடைசியில் நேராக அவரிடமே போய் வண்டியை இரவல் கேட்டேன். என் காரில் கிளட்ச் போய்விட்டது, கம்பத்துக்கு அவசரமாகப் போய்வர வேண்டும் என்றேன். கிளட்ச் நன்றாகத்தான் இருந்தது. அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. வண்டி டீசல் குடிக்குமே, எனக்குக் கட்டாதே என்று இழுத்தார். டீசல் என் பொறுப்பு என்று சொன்னதும் வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பையும் நான் சந்தேகப்பட்டேன்.

தேனியில் பங்கில் நிறுத்தி, நுரை அடங்கவிட்டு அடங்கவிட்டுக் கழுத்துவரை டீசல் நிரப்பினேன். டிக்கியைத் திறந்து பார்த்தேன், ஸ்டெப்னியும் ஒரு தேங்காய்ச் சாக்கும் கிடந்தன. மோந்துகூடப் பார்த்தேன், அரிசி வாசம் இல்லை. மீட்டர் ஒழுங்காக ஓடியது. எதிர்காற்றில் கம்பம் போனேன், அதே காற்றோடு திரும்பினேன். வண்டி வெண்ணெயாக ஓடியது. குமுளி ஏற்றத்தில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு என் எண்ணூறு சிசி இரண்டாவது கியரில் முக்குகிற மாதிரியெல்லாம் இந்த வண்டி முக்காது என்று ஓட்டும்போதே தெரிந்தது. அதே பங்கில் மறுபடி நிரப்பி வகுத்துப் பார்த்தேன். பதினாறு. நம்பாமல் இன்னொரு தரம் வகுத்தேன். என்னுடையதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இன்ஜின், எனக்குச் சமமாகக் கொடுக்கிறது. அந்த எரிச்சல் வேறு.

அன்று சாயங்காலமே தேவாரத்துக்கு ஓட்டிப்போய்ச் சாவியை நீட்டினேன். மாப்பிள்ளை, வண்டி பதினாறு கொடுக்கிறது, எதற்காக ஒன்பது என்றீர்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துத் தோப்புக்குள் கூட்டிப்போனார். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"மச்சான், வெளிய சொல்லிறாதீக. இந்த ஊர்ல எங்களுக்கு எத்தன வீடு சொந்தம்னு ஒங்களுக்குத் தெரியாது. பதினாறுன்னு தெரிஞ்சா வாரத்துக்கு ஒருத்தக சாவியக் கேட்டு வந்து நிப்பாக. தரமாட்டேன்னா மொகம் சுண்டிப்போகும். ஒம்போதுன்னு சொல்லிவச்சா அவுகளே வேண்டாம்னுட்டுப் போயிருவாக. யாருக்கும் மனத்தாங்கல் இல்ல பாருங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அரிசியும் இல்லை, கட்டப்பனையும் இல்லை. ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. பஸ்ஸில் தேனிக்கு வருகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். கெட்டிக்காரர் என்றுகூடத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவையும் தங்கையையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், என் கட்டப்பனைச் சந்தேகம் உட்பட. அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. கையில் வைத்திருந்த துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"ஏண்ணே, அப்ப அவுக யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்ல மாட்டாகளா?"

சொன்னால் முகம் சுண்டிப்போகுமாம் என்றேன்.

"நானும் மாடியில வச்சு ஒண்ணு கேட்டேன்ல. அதுக்கும் முடியாதுன்னு சொல்ல வாய் வராமத்தான் சரின்னுட்டாகளோ?"

அம்மாவின் சிரிப்பு நின்றது. எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாக அந்த மனிதரைத் துருவித் துருவிச் சந்தேகப்பட்டவன் நான். சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தை அவள் இந்த நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாள் லேபுக்குக் கிளம்பும் முன் அவளே தேவாரத்துக்கு போன் போட்டாள். எடுத்தது மாப்பிள்ளையின் அம்மா. நான் பக்கத்தில் நின்றேன். நலம் விசாரித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு காலையில் எத்தனை மணி பஸ்ஸைப் பிடித்தால் வேலைக்குச் சரியாக இருக்கும் அத்தை என்று கேட்டாள். அந்தப் பக்கம் அந்த அம்மா பேசப் பேச, இவள் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அப்படிச் சொல்லலயே அத்தை" என்றாள். பிறகு, "வேலைய விட மாட்டேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டுச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க இவளுக்கே ஆசை என்று பெண் பார்த்துவிட்டுப் போன அன்றே மாப்பிள்ளை தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். அந்த அம்மா கோபப்படவில்லையாம், திகைத்துப்போய், இவ்வளவு நாளும் அப்படித்தானே நினைத்திருந்தேன் என்றாராம்.

சாயங்காலம் மாப்பிள்ளை பேசினார், தங்கையிடம் அல்ல, என்னிடம். ஏதோ பேச்சு மாறிப்போய்விட்டது, அம்மா வருத்தத்தில் இருக்கிறார், ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிடுவாள் என்று நான் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும், பிறகு ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு வந்த கோபத்தில், எங்கள் வீட்டுப் பெண் என்ன உங்கள் வண்டியா, ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லிவைக்க என்று கத்திவிட்டேன். தங்கை என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"வேலைய விட மாட்டேன்னு ஒங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லுவீகளா?" என்று கேட்டாள். கொஞ்சம் கேட்டுவிட்டு வைத்தாள். சொல்கிறேன், சொல்கிறேன் என்றாராம்.

ஒரு வாரம் பார்த்தோம். போன் மணி அடித்தபோதெல்லாம் அவள்தான் முதலில் எழுந்தாள். வேறு யாராவதுதான் பேசினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே போன் போட்டு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அம்மாவும் நானும் பக்கத்தில் நின்றோம். அவ்வளவு சீக்கிரம் பேச்சு முடியும் என்று நான் நினைக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டார்.

"சரின்னாக" என்றாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். "ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாக்கூட நான் யோசிச்சிருப்பேன்ணே."