கேட் தூக்கும் வரை

பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு அதிகம் விஷயம் கிடையாது. ஒரே தொழிற்சாலையில், ஒரே பிரிவில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை இருந்தேன். அங்கே யாரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. ஆனால் எண்பதுகளின் கடைசியில் தொடங்கி ஆறு வருஷம், குரோம்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தவன் நான். அதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் உயரும். வீட்டில் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

பள்ளிக்கூடம் ஜி.எஸ்.டி. ரோடு என்ற பெரிய சாலையை ஒட்டி இருந்தது. எங்கள் குடியிருப்பு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் கேட். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மின்சார ரயில், இடையிடையே நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ், பிறகு முடிவே இல்லாத கூட்ஸ் வண்டி. கேட் மூடினால் யாரும் நிற்கமாட்டார்கள். வேட்டி கட்டியவர், புடவை கட்டியவர், ஆபீஸ் பை வைத்திருப்பவர் எல்லோரும் கம்பிக்கு அடியில் குனிந்து போய்க்கொண்டே இருப்பார்கள். சைக்கிள்காரர்கள் சைக்கிளைப் படுக்கப்போட்டு இழுத்துப் போவார்கள். ஒரு ரயில் போனதும் அவ்வளவுதான் என்று நினைத்து இறங்குவார்கள்; எதிர்த் தண்டவாளத்தில் இன்னொன்று வந்துகொண்டிருக்கும். நானும் குனிந்து போனவன்தான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, என் மகள் வந்து ஒரு சாதனையைச் சொன்னாள். அப்போது அவள் நாலாம் வகுப்பு. மூடிய கேட்டுக்கு அடியில் அவளும் இரண்டு சிநேகிதிகளும் போனார்களாம். பெரியவர்கள் எல்லாம் முதுகை வளைத்துக்கொண்டு கஷ்டப்பட்டார்களாம், இவர்கள் தலையைச் சாய்த்தால் போதுமாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டம்ளரைக் கீழே வைத்தேன். கத்தினேன். அவள் அழுதாள். என் மனைவி, பிள்ளையிடம் கத்தி என்ன பிரயோஜனம், பெரியவர்கள் செய்வதைத்தானே அது செய்கிறது என்றாள்.

மறுநாளே தொழிற்சாலையில் முதல் ஷிப்டை நிரந்தரமாகக் கேட்டு வாங்கினேன். காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு வெளியே வந்துவிடலாம். மூன்றரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்கலாம். விடியற்காலை எழுந்திருக்க யாருக்கும் பிடிக்காது என்பதால் ஷிப்ட் மாற்றிக்கொள்ள மூன்று பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். பதிலுக்கு அவர்கள் என்னிடம் ஒன்று எதிர்பார்த்தார்கள். டைம் ஆபீஸில் ஒரு கடிகாரம் இருக்கும். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அவரவர் கார்டை அதில் குத்த வேண்டும். அவர்களுக்கும் முதல் ஷிப்ட் வரும் வாரங்களில், சீக்கிரம் கிளம்ப வேண்டியவன் தன் கார்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவான். இரண்டு மணிக்கு என் கார்டோடு அவன் கார்டையும் குத்துவேன். டைம் ஆபீஸ் ஆள் கார்டைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். இதை வீட்டில் பெரிய சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன், மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதே.

முதலில் மூன்று பிள்ளைகள். பிறகு ஐந்து. மறு வருஷம் ஒன்பது. எங்கள் பிரிவில் ஒருத்தன், "இன்னா மச்சான், ஆயா வேலைக்குக் கெளம்பிட்டியா?" என்று தினமும் கேட்பான். ஆயாவுக்குச் சம்பளம் உண்டு, எனக்கு அதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு நடப்பேன். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அம்மாக்கள் நடுவில் காக்கிச் சட்டையோடு நான் ஒருத்தன் மட்டும் நிற்பது முதல் ஒரு வாரம் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் பிடித்தும் போய்விட்டது.

பிள்ளைகளுக்கு நம்பர் கொடுத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நேரமாகும். நம்பர் என்றால் ஒன்று முதல் ஒன்பது வரை சடசடவென்று முடிந்துவிடும். பள்ளிக்கூட வாசலில் ஒருமுறை, கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை எண்ணுவோம். நான் முன்னால் நடந்துகொண்டே "ம்" என்பேன். பின்னாலிருந்து ஒவ்வொரு குரலாக நம்பர் சொல்லிக்கொண்டு வரும். அதோடு இரண்டு சட்டங்கள். கேட் தூக்கினால்தான் தாண்ட வேண்டும், யார் போனாலும் சரி, யார் கூப்பிட்டாலும் சரி. வரிசையிலிருந்து பிரிந்துவிட்டால் கேட் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், அங்கிருந்து நகரக்கூடாது. இதைத் தினமும் சொல்வேன். பிள்ளைகள் எனக்கு முன்னால் அதே வார்த்தைகளைச் சொல்லிக் கேலி செய்யும் அளவுக்குச் சொல்வேன்.

ஒன்பதாம் நம்பர் ஒன்றாம் வகுப்புப் பெண். முன்பல் இரண்டும் விழுந்த நேரம். அவள் அம்மா அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவுக்கு வெளியூரில் வேலை. அம்மா வரும் ஆறு மணிவரை குழந்தை எங்கள் வீட்டில் இருக்கும். முதல்நாள் என்னிடம் வந்து, "அண்ணா, நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான் டியூட்டிக்குப் போறேன்" என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு என் சட்டை இரண்டு அங்குலம் சின்னதாகிவிட்டது போல் இருந்தது. அப்போது என் மகள் ஐந்தாம் வகுப்பு, வரிசையிலேயே பெரியவள். அவளுக்கு எட்டாம் நம்பர் கொடுத்து, ஒன்பதின் கையைப் பிடித்துவரும் பொறுப்பையும் கொடுத்தேன்.

அந்த ஒன்பதுக்கு ஒரு பழக்கம், சாப்பாட்டு ஒயர் கூடையை எங்கேயாவது விட்டுவிடுவாள். ஒரு வாரம் இரண்டு முறை விட்டுவிட்டாள். இரண்டு முறையும் மொத்த வரிசையையும் திருப்பிக் கூட்டிப்போய் எடுத்தோம், இரண்டாவது முறை நான் கத்தினேன். என் வாய் அப்படி. கத்தின அரை மணியில் மறந்துவிடுவேன். திட்டு வாங்கினவர்கள் மறப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூட வாசலில் எண்ணினேன், ஒன்பதும் சரி. நடந்தோம். கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்தோம். கேட் திறந்திருந்தது, அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். சட்டென்று தாண்டிவிட வேண்டும் என்ற அவசரம். "ம்" என்றேன். ஒன்று முதல் ஒன்பது வரை வந்தது. தாண்டினோம். அந்தப் பக்கம் போய் மறுபடியும் "ம்" என்றேன். மறுபடியும் ஒன்பது வரை வந்தது. திரும்பிப் பார்க்காமலே நடந்தேன்.

முப்பது நாற்பது அடி போயிருப்போம். பின்னால் கேட் மூடும் மணி அடித்தது. என் சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். மகள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, ஒன்பது நான்தான் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்ச தூரம் வந்ததும் ஒன்பதுக்குக் கூடை ஞாபகம் வந்திருக்கிறது. மாமாவிடம் சொன்னால் கத்துவார் என்று பயம். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போவதற்குள் வந்துவிடுகிறேன், எனக்கும் சேர்த்து நம்பர் சொல்லிவிடு என்று என் மகளிடம் சொல்லிவிட்டு ஓடியிருக்கிறாள். இவளும் குரலை மெல்லிசாக்கிச் சொல்லியிருக்கிறாள், முதலில் ஒருமுறை, பிறகு பயத்தில் இன்னொரு முறை. சிநேகிதிக்காகக் கார்டு குத்தியிருக்கிறாள். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

மூலையில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அக்கா எங்களைத் தினமும் பார்ப்பவர். எட்டுப் பிள்ளைகளையும் அவரிடம் நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடினேன். கேட் மூடியிருந்தது. தாம்பரம் போகும் மின்சார ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிக் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. பெட்டிகளுக்கு நடுவே அந்தப் பக்கம் கூட்டம் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. குழந்தை தெரியவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கம்பி ஒரு தடையே இல்லை. தலையைச் சாய்த்தால் போதும்.

கடைசிப் பெட்டி போனது. அங்கே நின்றுகொண்டிருந்தாள். கேட் கம்பத்தை ஒட்டி, ஒரு கையில் பச்சை ஒயர் கூடை, இன்னொரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி. அவளைச் சுற்றிப் பெரியவர்கள் எல்லோரும் குனிந்து தண்டவாளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சைக்கிள்காரர் அவளிடம் குனிந்து, அல்லாரும் போய்கினு கீறாங்க, நீ மட்டும் ஏன் நின்னுகினு கீற, வா தூக்கிக்கினு போறேன் என்று கையை நீட்டினாராம். அவள் அதற்குக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாளாம். இதைப் பின்னால் அவரே என்னிடம் சொன்னார், ரொம்பப் பிடிவாதம் சார் உங்க பொண்ணு என்று.

அவளைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. ஒரு வருஷமாகத் தினமும் சொன்ன சட்டத்தை நானே மறந்தேன். கம்பிக்கு அடியில் குனிந்தேன். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து, முன்பல் இல்லாத வாயிலிருந்து, தெளிவாக ஒரு குரல் வந்தது.

"மாமா, கேட் இன்னும் தூக்கல."

சத்தமாகச் சொன்னாள், நான் வரிசையில் யாரையாவது திருத்தும்போது சொல்கிற அதே ராகத்தில். இரண்டு பக்கமும் நின்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். காலைப் பின்னால் எடுத்தேன். நிமிர்ந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். எதிர்த் தண்டவாளத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டு வந்து, மண்ணை வாரி எங்கள் முகத்தில் அடித்துவிட்டுப் போனது. அவள் என் உயிரைக் காப்பாற்றினாள் என்றெல்லாம் சொல்லமாட்டேன். ரயில் வருவதை நானே பார்த்திருப்பேன், ஒருவேளை. ஆனால் காலைப் பின்னால் எடுக்க வைத்தது அவள் சொன்ன சொல்தான்.

கேட் தூக்கினார்கள். அவள் ஓடி வரவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடி நடந்து வந்தாள். என் எதிரில் வந்து நின்றாள். திட்டுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, "ஒன்பது" என்றாள். அப்படியே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். நடுத்தெருவில், காக்கிச் சட்டையோடு அழுதேன். அவள் கூடையைக் காட்டி, எடுத்துட்டேன் மாமா என்றாள்.

என் மனைவி சொன்னாள், ஒன்றும் ஆகவில்லையே, அந்தம்மாவிடம் சொல்லி ஏன் பயமுறுத்த வேண்டும் என்று. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் முகத்தைப் பார்க்காமல் கணக்கு காட்டியது போதும் என்று எனக்குத் தோன்றியது. ஆறு மணிக்கு நர்ஸம்மா குழந்தையைக் கூட்டிப்போக வந்தார். மகளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நான் கத்தியதைச் சொன்னேன், திரும்பிப் பார்க்காததைச் சொன்னேன், கேட்டுக்குள் கால் வைத்ததைக்கூடச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து யாரும் நம்பர் சொல்லத் தேவையில்லை, நானே பின்னால் நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணுவேன் என்றும் சொன்னேன். தொழிற்சாலையிலும் இனி அடுத்தவன் கார்டைத் தொடமாட்டேன் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். அதனால் இரண்டு பேர் என்னோடு பேச்சை விட்டார்கள்; மூன்றாவது ஆள் ஷிப்ட் மாற்றிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்.

நர்ஸம்மா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். இனி அனுப்பமாட்டார் என்றுதான் நினைத்தேன். நியாயம்தான், அவர் இடத்தில் நான் இருந்தால் அனுப்பமாட்டேன். என் மகள் தேம்ப ஆரம்பித்தாள். அந்தம்மா குழந்தையிடம் குனிந்து, அங்கே தனியாக நிற்கப் பயமாக இல்லையா என்று கேட்டார். குழந்தை யோசித்து, மாமா வருவாங்கல்ல என்றது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"திங்கக்கிழமையும் உங்களுக்கு முதல் ஷிப்டுதானே அண்ணா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நான் டியூட்டிக்குப் போயிடறேன்."

ஒரு கையில் குழந்தையையும் இன்னொரு கையில் பச்சைக் கூடையையும் பிடித்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கி நடந்தார்.