ஆடியில் போட்ட ஊசி

கை மரத்துப்போவது முதலில் எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. மந்தைவெளி வீட்டில் விடியற்காலை கண் விழித்தால் வலது கை மட்டும் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். இடது கையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை நம்பி விட்டுவிட்டுப் போன குழந்தை மாதிரி கனமாக, வெதுவெதுப்பாகக் கிடக்கும். உதறினால் எறும்பு ஊர்கிற மாதிரி மெல்ல உயிர் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் இருந்தேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் புடவை எடுக்க வந்த பெண்களின் வாயிலிருந்து கேட்டதுதான். ஒருவர் ஒரு பழமொழி சொல்லிவிட்டுப் போனால் அன்று முழுக்க வெற்றிலை மாதிரி அதை மென்றுகொண்டிருப்பேன்.

பட்டுப் பிரிவில் நிற்பவனுக்கு இரண்டு தெரிந்திருக்க வேண்டும். புடவையை ஒரே வீச்சில் விரித்து, வந்தவர் உதட்டைப் பிதுக்கினால் பழைய மடிப்பு கலையாமல் மடிக்கத் தெரியவேண்டும். முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெருடி, முழுப் பட்டா கலப்பா என்று சொல்லத் தெரியவேண்டும். குழல்விளக்கு வெளிச்சத்தில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது என்பார் எங்கள் முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர்; எல்லோருக்கும் அண்ணாச்சி.

அந்த இரண்டு விரல்தான் முதலில் போயிற்று. நடுவிரலும் கூடவே. நாள் முழுக்கக் கையை உதறிக்கொண்டே நிற்பேன். எதிரே காட்டன் பிரிவில் இருந்த நண்பன் கேட்பான்: “இன்னா நைனா, கையில எறும்புப் புத்து எதுனா கீதா? சர்க்கரை தொட்டுகினு வந்தியா?” வாயு என்றார்கள். சொடக்கு எடுத்துவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே மறைத்தேன்.

வைகாசி முடிகிற சமயம், மயிலாப்பூரிலிருந்து ஓர் அம்மாள் முந்தின வாரம் எடுத்துப்போன புடவையோடு வந்தார். சரக்கு வந்து இறங்கிய அன்று நான்தான் நெருடிப் பார்த்துப் பிரித்து அடுக்கியிருந்தேன். அந்த அம்மாள் சத்தமே போடவில்லை. புடவையைக் கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி மெதுவாக என் முன்னால் வைத்தார்.

“இது கலப்பு. நீங்க தொட்டுப் பாத்துச் சொன்னேளேன்னுதான் நான் தொட்டுப் பாக்கலை.”

அண்ணாச்சி வந்து ஒரு நெருடு நெருடினார். வேறு புடவை எடுத்துக் கொடுத்து வாசல்வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து என் கையைப் பார்த்தார்.

“எத்தனை நாளா வே இப்படி?”

சொன்னேன்.

“ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்தா முகூர்த்தம். அதுக்குள்ள கையைச் சரி பண்ணிட்டு வாரும். இல்லைன்னா குடோனுக்குப் போயிரும். கோவத்துல சொல்லல, கேட்டீரா? பட்டு தெரியாத கையைப் பட்டுல வச்சிருக்க முடியாதுல்லா.”

குடோன் என்றால் மாடியில் ஜன்னலில்லாத அறை. மூட்டைகளும் நாப்தலின் உருண்டையும். கல்யாணப் பேச்சு கிடையாது, நாத்தனார் குறை கிடையாது, ஒரு பழமொழி காதில் விழாது. மூட்டையோடு நான் என்ன பேச? கை போனதைவிட அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது.

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர். மாடிப்படி ஏறினால் கிளினிக். இரண்டு புறங்கையையும் ஒட்டவைத்து விரல்களைக் கீழே தொங்கவிடச் சொன்னார். கடையில் நாள் முழுக்கப் போடுகிற வணக்கத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் ஆவதற்குள் விரல்களில் எறும்பு ஊர ஆரம்பித்தது. என் உள்ளங்கையில் பேனாவால் கோடு போட்டார்.

“மணிக்கட்டுல ஒரு சின்ன சுரங்கம் இருக்கு. அதுக்குள்ள நரம்பும் போறது, விரலை மடக்கற நார்களும் போறது. வீங்கிடுத்துன்னா நரம்பு நசுங்கிண்டு கிடக்கும். சுண்டுவிரலுக்கு வேற வழி. அது பாட்டுக்கு முழிச்சிண்டிருக்கு பாருங்கோ.”

வீக்கம் வற்ற சுரங்கத்துக்குள் ஓர் ஊசி போடலாம் என்றார். கூட வந்த என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“நரம்புல ஊசி போட்டா கை விளங்காமப் போயிடும்னு சொல்றாங்களே டாக்டர்.”

“நரம்புல இல்லேம்மா, பக்கத்துல. விரல்ல ஷாக் அடிச்சா உடனே சொல்லணும், ஊசியை வெளில எடுத்துடுவேன். இவர் வாயைத் திறந்து சொல்லுவார்தானே?”

“அதுக்கு மட்டும் கொறைச்சலே இல்ல” என்றாள் அவள்.

ஆடி பிறந்து முதல் புதன்கிழமை. கையை மல்லாத்தி, மணிக்கட்டின் கீழ் சுருட்டின துண்டை வைத்தார்கள். ஸ்பிரிட் குளிர்ந்தது. ஊசி போனது சுருக்கென்றுதான். அப்புறம் மருந்து இறங்குவது தெரிந்தது. நிரம்பிய பஸ்ஸில் இன்னும் ஒருவர் ஏறுகிற மாதிரி ஒரு நெருக்கம். ஷாக் அடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, என் கை எழுந்து பறந்துவிடும் போலிருந்தது. மரப்பு மருந்தும் கலந்திருந்ததால் வலி என்ற ஒன்று எப்போதோ யாருக்கோ இருந்தது என்று தோன்றியது. கோயில் குளக்கரை ஓரமாக நடந்து வந்தோம். தண்ணீர் படிக்கட்டில் அசைந்துகொண்டிருந்தது. பூக்கடை, விளக்குக் கடை, ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு எல்லாம் பஞ்சுக்குள்ளிருந்து வந்தன. மனைவி என் கையைப் பிடித்திருந்தாள் என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே வலி திரும்பியது. முன்னைவிட அதிகமாக. ஓரிரண்டு நாள் அப்படி இருக்கும், குணம் தெரிய ஒரு வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமலிருக்க ஒரு பட்டையும் கொடுத்திருந்தார். நான் வேறு கணக்கு வைத்திருந்தேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள். பழமொழி என்னை எப்போதும் கைவிட்டதில்லை. மூன்றாம் நாள் எழுந்ததும் வேட்டி ஓரத்தை நெருடினேன். ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாளும் இல்லை. அன்று நான் யாரோடும் பேசவில்லை. மனைவிக்கு அதுதான் பெரிய பயம்.

“பழமொழி சொன்னவனுக்கு உன் மணிக்கட்டைத் தெரியுமாய்யா? டாக்டரு ஒரு வாரம்னுதானே சொன்னாரு” என்றாள்.

ஏழாம் நாள் கூழுக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்காதே என்று ஒரு கீரைக்கட்டை என் பக்கம் தள்ளினாள். காம்பைப் பிடித்து உருவினேன். இலைகள் முறத்தில் மழை மாதிரி உதிர்ந்தன. அடுத்த காம்பு. அதற்கடுத்தது. நாலாவதோ ஐந்தாவதோ உருவும்போது இலை பிரிகிற இடத்தில் காம்பு முடிச்சு முடிச்சாக ஆள்காட்டி விரலில் தட்டிக்கொண்டு போனது. நான் நிறுத்திவிட்டேன். சொன்னால் போய்விடும் போலிருந்தது.

“இன்னா, கீரைய வெச்சிகினு கனவா?” என்றாள்.

ஆவணி முதல் நாள் அண்ணாச்சி என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டச் சொன்னார். இரண்டு முந்தானைகளை மாற்றி மாற்றி வைத்தார். காட்டன் பிரிவே வேடிக்கை பார்த்தது. நான் முதலில் சுண்டுவிரலால் தடவினேன். விரல்கள் மரத்துக் கிடந்த மாதங்களில் வீட்டில் அதைத்தான் பழக்கி வைத்திருந்தேன். அதற்கப்புறம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். நடுவிரல் இன்னும் பாதி பஞ்சுதான்.

“இடது பக்கம் பட்டு. வலது பக்கம் கலப்பு.”

“அங்க சுண்டுவிரலுக்கு என்ன வே சோலி?”

“சாட்சிக்கு வெச்சிருக்கேன் அண்ணாச்சி.”

அவர் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை மாற்றி வைத்தார். மூன்றாம் தடவை இரண்டுமே பட்டு. சொன்னேன்.

“சரி. சாட்சியோடயே நில்லும்” என்று கல்லாவுக்குப் போய்விட்டார்.

எத்தனை நாளைக்கு இந்த ஊசி தாங்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. பங்குனியில் மறுபடி எறும்பு ஊர்ந்தது, மறுபடி அந்த மாடிப்படி ஏறினேன். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. அடையாற்றிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவைக்கு வந்து பாயில் உட்கார்ந்தது. அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்து வீசினேன். காற்றில் எழுந்து, அவசரமே இல்லாமல் இறங்கியது. இறங்கும்போது அதன் ஜரிகைக் கரை கட்டைவிரலை மெல்ல உரசிக்கொண்டு போனது.

“என்னங்க, புடவையைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?” என்றார் கல்யாணப் பெண்ணின் அம்மா.