கழுவாத தொட்டி

நண்டுக்குஞ்சு பொரிக்கும் அந்த நிலையம் உவர்நீர் வாவிக் கரையில், நாவற்குடாவுக்கு அப்பால் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களே அதற்கு நண்டு மயானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பொறுப்பாக இருந்த தக்ஷாயினிக்கும் அது தெரியும். கோபித்துப் பிரயோசனமில்லை, பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

முட்டை பொரித்துக் குஞ்சுகள் தொட்டி நிறைய நீந்தும். நண்டின் உருவம் எடுக்கப்போகும் தறுவாயில் கூட்டமாகச் செத்து அடியில் படியும். நான்கு வருடமாக இதே கதை. தீனியை மாற்றினாள், உப்பைக் கூட்டிக் குறைத்தாள், வெயிலை மறைத்தாள், தாய் நண்டை வேறு இடத்திலிருந்து எடுப்பித்தாள். ஒன்றும் சரிவரவில்லை. வாவியில் நண்டு அருகிக்கொண்டே போனது. இந்த வருடமும் குஞ்சு பிழைக்காவிட்டால் நிலையத்தை மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

ஒன்றை மட்டும் அவள் மாற்றவில்லை. களுதாவளையில் அவள் பிறந்த வீட்டில், வெள்ளிக்கிழமை மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவாமல் தாய் சீதேவிப்பிள்ளை விளக்கேற்றியதில்லை. அந்தக் கை தக்ஷாயினிக்கும் வாய்த்திருந்தது. வெள்ளி தவறாமல் குஞ்சுகளை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தொட்டிச் சுவரின் பாசியை வழித்தெடுத்து, பளிச்சென்று கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புவாள். குஞ்சு செத்தால் அடுத்த முறை இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். சுத்தத்தில் பிழை இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

கடைசித் தொகுதி பொரித்த மறுநாள் சீதேவிப்பிள்ளை மாரடைப்பில் கண்ணை மூடினார். ஒரே மகள். துடக்கு என்னும் சாவுத் தீட்டுக் கழியும்வரை வீட்டோடு இருக்க வேண்டும். கழுவும் விஷயத்தில் தக்ஷாயினி யாரையும் நம்புகிறவள் அல்ல. தீனியை மட்டும் போடும்படியும், தொட்டியில் கை வைக்க வேண்டாம் என்றும் உதவியாளர் பீற்றிஸ் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடித்து, செத்த குஞ்சுகளை அள்ளிக் கொட்டிச் சாவியை ஒப்படைக்கும் எண்ணத்தோடு வந்தாள். தொட்டிச் சுவரெல்லாம் பச்சைப் பாசி. அதன்மேல் நகத்தளவு நண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. செத்த வீட்டில் சந்தோசம் சொல்லக்கூடாதென்று பீற்றிஸ் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

தீனி அதே தீனி, உப்பு அதே உப்பு. நான்கு வருடம் முட்டுப்பட்டு நின்று மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கியிருந்ததால், எது மாறியது என்று அவள் ஒரு கணமும் தேடவேண்டியிருக்கவில்லை. அந்த வருடங்களை வீண் என்று சொன்னவர்கள் வந்து பார்க்கட்டும். ஆனாலும் அடுத்த தொகுதியில் பாதித் தொட்டிகளைக் கழுவினாள், பாதியை விட்டாள். கழுவியவற்றில் வழக்கம்போல் சாவு. பாசியிலும் பழகிய தண்ணீரிலும் வளர்ந்த நல்ல கிருமிகள் நோய்க்கிருமியை அண்டவிடாமல் வைத்திருந்தன. அவள்தான் வாராவாரம் அவற்றைத் துடைத்தெறிந்து நோய்க்கு இடம் கொடுத்திருக்கிறாள்.

நிலையத்தை மூடுவதில்லை என்று செய்தி வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். தக்ஷாயினி அழுதாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்துப் பீற்றிஸ் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"அம்மா இருந்திருந்தா, அக்கா," என்றாள் அவள், "நான் இண்டைக்கும் கழுவிக்கொண்டுதான் இருந்திருப்பன்."