ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அம்மா

எனக்கு ஏழு வயதானபோது அம்மாவும் நைனாவும் பிரிந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வடஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்கத்துக்குக் கூலி வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கோர்ட்டு, வக்கீல் எல்லாம் எங்களுக்கு எட்டாதவை. நாங்கள் குடியிருந்த கூலி லைன் வீடுகளின் நடுவே மேஸ்திரியும் நான்கு பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். வீடு சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்குத்தான், அதனால் பிள்ளையும் அவனோடுதான். அம்மா லைனுக்குள் கால் வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லைனைச் சுற்றியிருக்கும் வேலிக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம். தீர்ப்புச் சொன்ன மகராசர்களில் ஒருவருக்காவது ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டிப் பழக்கமிருக்குமா என்பது சந்தேகம். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா பக்கத்து ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கடையில் மாவு இடித்துப் பிழைத்தாள். வாரம் முழுவதும் எனக்குப் பயம்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால்? வேலியில் நிற்கும் காவல்காரர் துரத்திவிட்டால்? அவள் வந்ததும் நான் வெளியே போவேன், இருவரும் மண்ணில் உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடுவோம். பாலாற்றிலிருந்து அவள் பொறுக்கி வந்த வழவழப்பான கற்கள் அவை. என்னிடம்தான் இருக்கும்.

ஒரு வாரம் அதில் ஒன்று தொலைந்துபோனது. ஆட்டம் இல்லையென்றால் அம்மா சீக்கிரம் போய்விடுவாளே. லைனுக்குப் பின்னால் கிடந்த ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துச் சேர்த்துக்கொண்டேன். அதில் மஞ்சளாக ஏதோ மின்னியது.

வேலியைத் தாண்டி வெளியே போகிறவர்களை எல்லாம் காவல்காரர் சோதித்துத்தான் விடுவார். ஆண்களின் கோவணம்கூடத் தப்பாது. பிள்ளைகளை மட்டும் சும்மா விடுவார். அன்று விடவில்லை. மடியை அவிழ்க்கச் சொன்னார்.

"இது இன்னா? யாரு எடுக்கச் சொன்னாங்க?"

தங்கக் கல் மடியில் இருந்தால் ஜெயில் என்பது லைனில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். யாரோ ஓடிப்போய் மேஸ்திரியையும் நைனாவையும் அழைத்து வந்தார்கள். நைனாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. பழி அவர்மேல் விழுந்தால் வேலையும் போகும், வீடும் போகும். அம்மாமேல் தள்ளிவிட ஒரு வார்த்தை போதும். சொல்லிவிடப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்தேன்.

சொன்னது அம்மா. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நான்தாங்க வெளையாட ஒரு கல்லு எத்துக்கினு வரச் சொன்னேன். அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றாள்.

பச்சைப் பொய். மேஸ்திரி கல்லை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வெறும் மினுக்குக் கல்லுப்பா, தங்கம் இல்ல" என்று தூக்கி எறிந்தார். நான் மூச்சு விடுவதற்குள் அம்மாவைப் பார்த்து, "இனிமே இந்த வேலி பக்கம் நீ வரக்கூடாது. போ" என்றார். அம்மா என்னைத் தொடாமலே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் நைனா, "யாரு சொல்லி எடுத்த?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல நைனா. அம்மாவுக்குத் தெரியவே தெரியாது."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அடுத்த ஞாயிறு அவர் என் கையைப் பிடித்து வேலிக்கு வெளியே கூட்டிப்போனார். எங்கே என்று கேட்கத் தைரியமில்லை. என்னை எங்கேயோ தள்ளிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். ஆண்டர்சன்பேட்டையில் அந்தக் கடையின் எதிரில் போய் நின்றார். எங்களைக் கண்டதும் அம்மா உலக்கையைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அவளுக்கும் பயம்.

நைனா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சாயந்தரம் வந்து கூட்டிக்கினு போறேன். மேஸ்திரிக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்காகத்தான் அத்தனை நாளும் ஏங்கினேன். ஆனாலும் அவள் தோளுக்கு மேலே நைனாவின் முதுகைப் பார்த்தே அழுதேன். ஒருவர் கை கிடைத்ததும் இன்னொருவர் கை போய்விடுகிறது. சாயந்தரம் நைனா நிஜமாகவே வருவாரா என்று அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.